முயலுக்கு எத்தனை கால்? – தவறான நம்பிக்கைகளை நாம் ஏன் விட மறுக்கிறோம்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்" என்றொரு பழமொழி எம்மிடையே வழங்கி வருகிறது. பிடிவாதக்காரர் ஒருவரைக் கண்டால் உடனே அதை எடுத்து வீசுவோம். ஆனால் அப்பழமொழியைத் தன்னைப் பற்றிச் சொன்ன ஒருவரை நீங்கள் கண்டதுண்டா? மூன்று கால் முயல் எப்போதும் அடுத்த வீட்டுக்காரன் பிடித்த முயலாகவே இருக்கிறது. எமது முயலுக்கு எத்தனை கால் என்று நாம் குனிந்து எண்ணிப் பார்ப்பதே இல்லை.

மக்கள் தவறான நம்பிக்கைகளை ஏன் இறுகப் பற்றிக்கொள்கிறார்கள், திறந்த மனத்துடன் வாழ்வது எப்படி என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் பிறருடைய தவறுகளையே எடுத்துக்காட்டுவர். பூமி தட்டையானது என்று இன்றும் சொல்வோரைப் பற்றியோ, உலகம் இந்த ஆண்டு அழியும் என்று நாள் குறித்தோரைப் பற்றியோ பேசினால் சபை சிரிக்கும். சிரித்துவிட்டு, எதையும் கற்காமல் வீடு திரும்பும். ஆகவே நான் எமது வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். அது குமரிக்கண்டம்.

இப்பெயரைச் சொன்னவுடன் உங்களில் சிலருடைய முகம் மாறுவதை நான் காண்கிறேன். தமிழின் தொன்மையைக் குறைத்துப் பேச நான் இங்கு வரவில்லை. இறுதிவரை பொறுமையுடன் கேட்டு, அதன்பின் என்னோடு வாதிடுங்கள்.

முதலில் இக்கதை எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 1864ஆம் ஆண்டில் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகஸ்கார்த் தீவின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அத்தீவில் லெமூர் எனப்படும் விலங்குகள் பல வகைகளாகப் பெருகியுள்ளன. அருகிலுள்ள ஆபிரிக்கப் பெருநிலத்தில் அவற்றின் உறவினங்கள் சிலவே உள்ளன. ஆனால் கடல் கடந்து வெகு தொலைவிலுள்ள தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அவற்றின் உறவினமொன்று வாழ்கிறது. அது நாம் நன்கறிந்த தேவாங்குதான். நீந்திக் கடல் கடக்க முடியாத விலங்குகள் இரு கரைகளிலும் இருப்பதற்குக் காரணம் என்ன? இடையே ஒரு நிலம் இருந்து பின்னர் மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். லெமூரின் பெயரால் அந்நிலத்துக்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார்.

அன்றைய அறிவு நிலையில் அது முட்டாள்தனமான கருத்து அன்று. கண்டங்கள் நகரும் என்பதை அக்காலத்து அறிஞர் அறிந்திருக்கவில்லை. நிலம் நகராது என்றால், விலங்குகள் கடந்து செல்ல ஒரு பாலம் இருந்திருக்க வேண்டும் என்பது முறையான ஊகமே. பின்னர் ஜேர்மனிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் மனித இனத்தின் தொட்டில் அந்த நிலமாக இருக்கலாம் என்றார். 1888இல் பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த பிளவாட்ஸ்கி அம்மையார், விசித்திரமான மனித இனமொன்று அங்கு வாழ்ந்ததாக எழுதினார். விலங்கியலாளர் ஒருவரின் ஊகம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் மறைஞானக் கதையாக வளர்ந்துவிட்டது.

அதே காலத்தில் அது தமிழையும் வந்தடைந்தது. இங்கே ஏற்கனவே வளமான நிலம் ஒன்று இருந்தது. இறையனார் அகப்பொருள் உரை மூன்று சங்கங்களைப் பற்றிக் கூறுகிறது. முதற் சங்கம் 4440 ஆண்டுகள், இடைச் சங்கம் 3700 ஆண்டுகள், கடைச் சங்கம் 1850 ஆண்டுகள் எனக் கணக்கிட்டு, முன்னிருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்கிறது. சிலப்பதிகாரம் பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டதைச் சொல்கிறது. அதன் உரையாசிரியர் அடியார்க்குநல்லார், கடல் கொண்ட நாடுகள் நாற்பத்தொன்பது என்று பட்டியலிடுகிறார். இவர்களுள் எவரும் ஆபிரிக்கா வரை நீண்ட பெருங்கண்டம் ஒன்றைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் சொன்னது ஆறுகளும் மலையும் நாடுகளும்தான். குமரி கண்டம் என்ற சொல் கந்தபுராணத்தில் வருகிறது. அங்கே அது பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றின் பெயர். கடலில் மூழ்கிய நிலத்தின் பெயர் அன்று.

இத்தகைய பழைய நினைவின்மீது ஐரோப்பியரின் லெமூரியா வந்து அமர்ந்தது. அது எத்தகைய காலம்? தமிழ் வடமொழியிலிருந்து பிறந்தது என்று கற்றோர் பலர் கருதிய காலம். 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டிய பின்னரும் அந்த எண்ணம் எளிதில் மறையவில்லை. ஓர் இனம் தன் மொழியின் மதிப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தது. அவ்வேளையில், மேலைநாட்டு அறிவியலே உங்கள் தெற்கில் ஒரு பெருநிலம் இருந்தது என்று சொல்கிறது என்றால், அதை யார்தான் மறுப்பர்? சூரியநாராயண சாஸ்திரியார் போன்ற பெரும்புலவர்கள் அதை ஏற்று எழுதினர். பாடநூல்களில் ஏறியது. 1981இல் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில், தமிழக அரசின் ஆதரவில் எடுக்கப்பட்ட குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படம் திரையிடப்பட்டது.

இதற்கிடையில் அறிவியல் உலகில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1912ஆம் ஆண்டில் அல்பிரட் வெக்னர் என்ற ஜேர்மனிய வானிலை அறிஞர், கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பின்னர் பிரிந்து நகர்ந்தன என்று அறிவித்தார். தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆபிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதையும், இரு கரைகளிலும் ஒரே வகைத் தொல்லுயிர் எச்சங்கள் கிடைப்பதையும் சான்றாகக் காட்டினார். நிலவியலாளர்கள் அவரை ஏற்கவில்லை. 1926இல் நியூயோர்க்கில் அமெரிக்கப் பெற்றோலிய நிலவியலாளர் சங்கம் நடத்திய கருத்தரங்கில் பலர் அவரது கருத்தைக் கடுமையாகத் தாக்கினர். 1930இல் கிறீன்லாந்தின் பனிவெளியில் ஆய்வுப் பயணமொன்றின்போது அவர் இறந்தார். தம் கருத்து வெல்வதை அவர் காணவில்லை.

தவறான நம்பிக்கையைப் பற்றிக்கொள்வது படிக்காதவரின் குறை என்று எவரேனும் எண்ணினால், அந்த நிலவியலாளர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தத்தம் துறையின் தலைசிறந்தவர்கள். கண்டம் நகரும் என்று ஏற்றால், அவர்கள் எழுதிய நூல்களையும் நடத்திய பாடங்களையும் மாற்ற நேரும். அதற்குப் பதிலாக, கடலுக்கடியில் மேலும் மேலும் நிலப்பாலங்களைக் கற்பனை செய்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

அதே வேளையில் நியாயமாகவும் பேச வேண்டும். வெக்னரின் எதிராளிகள் அனைவரும் வீம்புக்காரர்கள் அல்லர். கண்டங்களை நகர்த்தும் விசை எது என்று அவர் சொன்ன விளக்கம் உண்மையிலேயே தவறானது. விளக்கம் தவறு என்று அவர்கள் காட்டியது சரி. விளக்கம் தவறு என்பதற்காகச் சான்றுகளையும் சேர்த்து ஒதுக்கியதே பிழை.

பின்னர் கடலடியை அளக்கும் கருவிகள் வந்தன. 1950களின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேரி தார்ப் என்ற பெண்மணி, கப்பல்கள் அளந்துவந்த ஆழக் கணக்குகளைக் கொண்டு அத்திலாந்திக் கடலடியை வரைந்தார். பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத காலம் அது. கடல் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவு இருப்பதை அவர் கண்டார். அப்பிளவு உண்மையானால் கடலடி விரிகிறது என்று பொருள்படும். அவருடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். ஆனால் வேறொரு தேவைக்காகக் கடலடி நிலநடுக்கங்களைக் குறித்த வரைபடமொன்று அதே ஆய்வகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, நடுக்கங்கள் அந்தப் பிளவின் வழியாகவே வரிசையாக அமைந்திருந்தன. ஹீசன் பிளவு இருப்பதை ஏற்றுக்கொண்டார். 1963இல் கடலடிப் பாறைகளின் காந்தக் கோடுகளை வைனும் மத்தியூஸும் விளக்கினர். 1960களின் முடிவுக்குள் கண்டத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றது.

இப்போது இரு கதைகளும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறோம். கண்டங்கள் நகரும் என்றானவுடன் ஸ்கிளேற்றரின் கேள்விக்கு மூழ்கிய பாலம் தேவையற்றதாயிற்று. மடகஸ்காரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 90 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் பிரிந்தன. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதியது. லெமூர்களின் மூதாதையர் அதற்கு வெகுகாலத்தின் பின் ஆபிரிக்காவிலிருந்து மிதக்கும் மரஞ்செடித் திரள்களில் மடகஸ்காரை அடைந்திருக்க வேண்டும் என்று உயிரியலாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர். கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் அடித்தளத்தை அளந்தன. 1967இல் அதன் வரைபடம் பலரும் காணும்படி வெளிவந்தது. ஆபிரிக்காவிலிருந்து அவுஸ்திரேலியா வரை நீண்ட கண்டம் எதுவும் அங்கே மூழ்கிக் கிடக்கவில்லை. ஒரு பெருங்கண்டம் சில ஆயிரம் ஆண்டுகளில் தடயமின்றி மூழ்கவும் முடியாது. நியூசிலாந்தைச் சுற்றி சீலாந்தியா என்ற நிலப்பரப்பு மூழ்கியுள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அது மெலிந்து தாழப் பல மில்லியன் ஆண்டுகள் ஆயின. அதன் பாறை இன்றும் அங்கே இருக்கிறது, எவரும் அளந்து காணலாம்.

லெமூரியாவை உருவாக்கிய அறிவியலே அதைக் கைவிட்டது. ஆனால் நாம் கைவிடவில்லை. ஏன்?

முதற் காரணம், அந்த நம்பிக்கை தன்னை மட்டும் சுமந்து நிற்கவில்லை. எமது மானத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. இந்து சமுத்திரத்தின் அடியில் என்ன பாறை உள்ளது என்பது வெறும் நிலவியல் கேள்வியாக இருந்திருந்தால், நாம் நிலவியலாளரிடம் கேட்டுவிட்டு அமைதியாகியிருப்போம். ஆனால் எம்மில் பலருடைய காதில் அந்தக் கேள்வி, "உன் மொழிக்கு மதிப்பு உண்டா?" என்றே விழுகிறது. மண்ணை இழந்து வந்தவர்களுக்கு, கடல் கொண்ட நிலம் என்ற சொல்லே நெஞ்சைத் தொடும். ஆகவே அந்த நம்பிக்கையைத் தொடுபவர் எம்மைத் தாக்குபவராகத் தோன்றுகிறார். எந்த இனத்தவரிடமும் நீங்கள் இதைக் காணலாம். நம்பிக்கை எங்கே இறுகியிருக்கிறதோ, அங்கே அதன் அடியில் ஒரு காயமோ ஓர் அச்சமோ இருக்கும்.

இரண்டாவது காரணம், நாம் சான்று தேடும் முறை. 1960இல் பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைத் தந்து, இவை ஒரு விதிக்கு அமைந்தவை, அவ்விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பங்கேற்றோர் வேறு மூன்று எண்களைச் சொல்லலாம். அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று அவர் சொல்வார். பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று உடனே முடிவு செய்தனர். 8, 10, 12 என்றனர். பொருந்தும் என்றார். 20, 22, 24 என்றனர். பொருந்தும் என்றார். உறுதியுடன் விதியை அறிவித்தனர். அது தவறு. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தாலே தம் விதி பிழை என்று அறிந்திருப்பர். தம் எண்ணம் பொய்யாகக்கூடிய கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

நாமும் அதையே செய்கிறோம். 2013இலும் 2017இலும் மொரீசியஸ் தீவில் மிகப் பழைய சேர்க்கன் தாதுத் துணுக்குகள் கிடைத்ததாக ஆய்வுகள் வெளிவந்தன. சில துணுக்குகளின் வயது 3 பில்லியன் ஆண்டுகள். எரிமலைத் தீவொன்றில் அவை இருப்பதால், அடியில் பழைய கண்டத் துண்டு ஒன்று புதைந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். உடனே எமது இணையத்தளங்களிலும், இன்று வட்ஸ்அப் குழுக்களிலும், குமரிக்கண்டம் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி பரவியது. அந்தத் துண்டு சிதறியது மனிதர் எவரும் தோன்றாத காலத்தில். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த நிகழ்வு அது. எம்முடைய மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள்தான். பகிர்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை. தலைப்பில் தாம் தேடியதைக் கண்டதும் வாசிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது காரணம், எதிர்ச் சான்றைக் கண்டால் எமது தராசு மாறிவிடுகிறது. 1979இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் அழைத்து, இருதரப்புக்கும் ஒவ்வொன்று சாதகமான இரண்டு அறிக்கைகளைக் கொடுத்தனர். எல்லோரும் அதே இரண்டையும் வாசித்தனர். ஒவ்வொரு தரப்பும் தனக்கு உவப்பான அறிக்கை உறுதியானது என்றும், மற்றையதில் குறைகள் மலிந்துள்ளன என்றும் கூறியது. வாசித்து முடித்தபின், தம் பழைய கருத்தில் முன்னைவிட உறுதி கொண்டதாகவே அவர்கள் கூறினர். உவப்பான செய்தியிடம் "இதை நான் நம்பலாமா?" என்று கேட்கிறோம். உவப்பற்ற செய்தியிடம் "இதை நான் நம்பியே ஆக வேண்டுமா?" என்று கேட்கிறோம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

நான்காவது காரணம், உறவு. ஒரு கருத்தை விடுவது சில வேளைகளில் ஒரு கூட்டத்தை விடுவது போலாகிவிடுகிறது. ஊர்ச்சங்கத்தில், உறவினர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், "அப்படி ஒரு கண்டம் இருக்கவில்லை" என்று சொல்பவர் தமிழ்ப் பற்று இல்லாதவர் என்று பெயர் வாங்குவார். அந்தப் பெயரைச் சுமப்பதைவிட மௌனமாக இருப்பது எளிது. அந்த மௌனத்தைப் பிறர் உடன்பாடு என்று எடுத்துக்கொள்கின்றனர்.

இதனால் என்ன கேடு, ஒரு பழங்கதை இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். கேடு உங்கள் பிள்ளையிடம் நேர்கிறது.

இந்நாட்டில் படிக்கும் ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். புவியியல் வகுப்பில் கண்டத்தட்டுகளைப் பற்றிக் கற்கிறாள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில், ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கண்டத்தில் தமிழர் சங்கம் வைத்து வாழ்ந்தனர் என்று கேட்கிறாள். கை உயர்த்திக் கேட்கிறாள். ஆசிரியர் கோபிக்கிறார், அல்லது சிரித்து மழுப்புகிறார். அதன்பின் இரண்டில் ஒன்று நடக்கும். அவள் கேள்வி கேட்பதை நிறுத்துவாள், அல்லது தமிழ் வகுப்புக்கு வருவதை நிறுத்துவாள். அதோடு முடிவதில்லை. பின்னாளில் சங்க இலக்கியத்துக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும், "இதுவும் அந்தக் கண்டம் போன்றதுதானோ?" என்று ஐயுறுவாள். உறுதியான ஒன்றையும் உறுதியற்ற ஒன்றையும் ஒரே கயிற்றில் கட்டினால், ஒன்று விழும்போது மற்றதும் விழும்.

அந்தக் கண்டம் இல்லாவிட்டால் எம்மிடம் என்ன மிஞ்சும்? பொய்யில்லாத பெருஞ்செல்வம் மிஞ்சும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் பாடப்பட்டு இன்றும் நாம் பொருளுணர்ந்து படிக்கக்கூடிய சங்கப் பாடல்கள் உள்ளன. வைகைக் கரையில் கீழடி உள்ளது. அங்கு கிடைத்த மாதிரியொன்றின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. இவை கையில் எடுத்துக் காட்டக்கூடியவை.

கடல்கோள் நினைவையும் நாம் முழுவதுமாக வீச வேண்டியதில்லை. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. குமரிமுனைக்குத் தெற்கிலும் கரை சற்று நீண்டிருந்தது. கடல் உயர்ந்தபோது அந்நிலம் மறைந்தது. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' என்ற தம் நூலில் இவற்றைத் தமிழிலேயே விரிவாக எழுதியுள்ளார். புயலும் பேரலையும் கரையோர ஊர்களை விழுங்குவதும் எமக்குப் புதிதன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவிலும் நாகப்பட்டினத்திலும் நடந்ததை நாம் மறக்க முடியாது. பழம்புலவர் நினைவில் இத்தகைய இழப்புகளின் நிழல் இருந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்றே சொல்கிறேன். கரையை இழந்தோம் என்பது வேறு, கண்டத்தை இழந்தோம் என்பது வேறு.

இனி, திறந்த மனத்துடன் வாழ்வது எப்படி? அறிவுரையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். ஆகவே பழகக்கூடிய சில பழக்கங்களைச் சொல்கிறேன்.

சார்ள்ஸ் டார்வின் பல ஆண்டுகள் ஒரு விதியைக் கடைப்பிடித்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். தம் முடிவுகளுக்கு எதிரான செய்தி ஒன்றைக் கண்டால் உடனே அதைக் குறித்து வைத்துக்கொள்வாராம். சாதகமானவற்றைவிடப் பாதகமானவையே நினைவிலிருந்து விரைவில் நழுவுகின்றன என்பது அவரது அனுபவம். எவ்வளவு எளிய பழக்கம்! ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

அடுத்தது, சான்று வருமுன்னரே உங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள். "எதைக் கண்டால் நான் இந்தக் கருத்தை மாற்றுவேன்?" விடை "எதைக் கண்டாலும் மாற்ற மாட்டேன்" என்று வருமானால், நீங்கள் பிடித்திருப்பது மூன்று கால் முயல் என்று அறிக.

மூன்றாவது, ஒரே அளவுகோல். வேறோர் இனத்தவர் வந்து, எங்கள் மொழி ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கண்டத்தில் பேசப்பட்டது என்று சொன்னால் நீங்கள் என்னென்ன கேட்பீர்கள்? கல்வெட்டு எங்கே, எலும்பு எங்கே, பாறை எங்கே என்று கேட்பீர்கள் அல்லவா? அதே கேள்விகளை எமது கூற்றிடமும் கேட்க வேண்டும். யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைக் காண வேண்டும் என்ற வள்ளுவரின் அறிவுரையை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த 'யார்' என்பதற்குள் எமது பக்கத்தாரும் அடங்குவர்.

நான்காவது, உறுதிக்குப் படிகள் உண்டு என்று பழகுவது. 'உறுதி', 'இருக்கலாம்', 'சான்று இல்லை' என்று மூன்று பெட்டிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் தமிழக அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் அடிப்படையில், இரும்பின் பயன்பாடு கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டுவரை செல்கிறது என்று அது கூறுகிறது. ஆய்வுகூடங்களில் அளக்கப்பட்ட காலக்கணிப்பு என்பதால் அதை 'சான்று இல்லை' என்ற பெட்டியில் போடுவது தவறு. இவ்வளவு பெரிய முடிவு வேறு இடங்களிலும் வேறு ஆய்வாளராலும் சோதிக்கப்பட வேண்டும் என்பதால், இன்றே 'உறுதி' என்று முழங்குவதும் அவசரம். 'இருக்கலாம்' என்ற பெட்டியில் வைத்து ஆவலுடன் காத்திருப்போம். எமக்கு மகிழ்ச்சி தரும் செய்திக்கே இவ்வாறு பொறுமை காட்டப் பழகினால், மற்றவை எளிதாகிவிடும்.

திறந்த மனம் என்பது எல்லாவற்றையும் நம்புவதும் அன்று. வெக்னரை உலகம் ஏளனம் செய்தது, என்னையும் ஏளனம் செய்கிறது, ஆகவே நானும் வெக்னரே என்று வாதிடுவோர் உண்டு. வெக்னர் வென்றது ஏளனம் செய்யப்பட்டதால் அன்று, கடலடி அவர் பக்கம் சாட்சி சொன்னதால். கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே வருபவரிடம் சான்றைக் கேட்கும் காவலும் அங்கே இருக்க வேண்டும்.

இறுதியாக, இரு தரப்பினரிடமும் ஒவ்வொரு வேண்டுகோள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் கருத்தை மாற்றிக்கொள்வதை அவமானமற்ற செயலாக்குங்கள். பிள்ளை ஒரு புதிய செய்தியைக் கொண்டுவந்தால், "இது எனக்குத் தெரியாது, எங்கே படித்தாய், காட்டு" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் உங்கள் மதிப்புக் குறையாது. பிள்ளை மறுமுறையும் உங்களிடமே வருவாள்.

இளையோர்களே, உங்கள் அப்பாவோ அம்மம்மாவோ குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசும்போது, கைப்பேசியை நீட்டி நான்கு பேர் முன்னிலையில் அவர்களைத் தோற்கடிக்காதீர்கள். அவமானப்பட்டவர் எவரும் மனம் மாறியதில்லை. மேலும் இறுகவே செய்வர். அந்த நம்பிக்கையின் அடியில் மொழிப்பற்று இருக்கிறது. அதை முதலில் மதியுங்கள். தனியே அமர்ந்து தேவாங்கின் கதையையும், மேரி தார்ப்பின் கதையையும், கீழடியின் கதையையும் சொல்லுங்கள். உங்கள் பற்றுக்கு இதைவிட உறுதியான நிலம் இருக்கிறது என்று காட்டுங்கள். ஆங்கிலத்தில் நீங்கள் கற்றதைத் தமிழில் சொல்ல முயலும்போது, உங்கள் தமிழும் வளரும்.

எமது மொழி கற்பனைக் கண்டத்தின்மீது நிற்கவில்லை. பேசியவர்களும் பாடியவர்களும் கல்லிலும் ஓட்டிலும் எழுதியவர்களும் அதைத் தாங்கி வந்தனர். எந்தக் கேள்விக்கும் அஞ்சத் தேவையில்லாத தொன்மை எமக்கு உண்டு. ஆகவே எங்கள் பிள்ளைகள் கேட்கட்டும். நாமும் அவர்களோடு சேர்ந்து குனிந்து, முயலின் கால்களை எண்ணிப் பார்ப்போம்.